பதினேழாம் தாய்ச்செடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் ஓரகத்தி நிரோஷாவைப் பார்த்து எனக்குப் பொறாமை. இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் ஒப்புக்கொண்டதில்லை. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவள் இல்லை. செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

திருச்சி உறையூரில் மாமனார் கட்டிய வீடு. கீழே நாங்கள், மாடியில் கொழுந்தனும் நிரோஷாவும். அவள் டவுன் பஸ் கண்டக்டர். டிக்கெட் கொடுக்கிற வேலையை எப்போதோ கேமராவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஏறுகிறவர் முகத்தைப் பார்த்து அதுவே கட்டணத்தைப் பிடித்துக்கொள்கிறது. கூட்டத்தைச் சமாளிக்க மட்டும் கேமராவால் முடியவில்லை. அதனால் கண்டக்டர்களை விட்டுவைத்திருக்கிறார்கள். பதினான்கு வருடமாக அந்த வேலை. பஸ்ஸை எடுக்கச் சொல்லிக் கம்பியில் தட்டுகிற பழக்கத்தில், வீட்டில் மாடிப்படி இறங்கும்போதும் இரும்புக் கைப்பிடியில் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் இறங்குவாள். டங், டங். தட்டாவிட்டால் வீடு நகராது என்று நினைப்பு போலிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் என் மகள் இதழினி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். நான் கூப்பிட்டால் "ரெண்டு நிமிஷம்மா" என்பாள்.

"சித்திகிட்ட அப்படி என்னடி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சித்தி பஸ்ல நடந்த கதையெல்லாம் சொல்வாங்கம்மா. நீ வீட்லயும் கிளாஸ்தான் எடுப்ப."

நான் கார்குழலி. கராத்தேயில் கறுப்புப் பட்டை, மாநிலப் போட்டியில் மூன்று தங்கம். பதினெட்டு வருடமாகப் பெண்களுக்கான தற்காப்புக் கூடம் நடத்துகிறேன். ஊரே என்னை 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிறது. என் மகள் மட்டும் ஒருநாள்கூட அந்தக் கூடத்தில் உருப்படியாக நின்றதில்லை. சின்ன வயதில் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததோடு சரி. "வேர்க்குதும்மா" என்பாள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவைத்தேன். அதற்குள் பதியம் வந்துவிட்டது.

பதியம் என்றால் இன்று தெரியாதவர்கள் இல்லை. எனக்கு அதை முதலில் விளக்கியவர் தளிர்க்காப்பு நிலையத்தின் டாக்டர் ரிஸ்வானா. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னைத் தேடி என் கூடத்துக்கே வந்தார்.

"ஆபத்து வர்ற நிமிஷத்துல மூளை யோசிக்காது மேடம். உடம்பு தானா என்ன பண்ணுதோ அதுதான் நடக்கும். அந்தத் 'தானா'வை ஒருத்தர்கிட்டேருந்து எடுத்து இன்னொருத்தருக்கு வைக்கிறோம். பதினோரு தடவை வந்து கழுத்துல ஒரு பட்டையைக் கட்டிக்கிட்டுத் தூங்கினாப் போதும்."

"மல்லிகைக் கொடியைப் பதியம் போடுற மாதிரி."

"அதேதான். கொடுக்கறவங்களை நாங்க தாய்ச்செடின்னுதான் சொல்றோம்."

"அப்ப நான் பதினாறு வருஷம் வேர்வை சிந்தினது பதினோரு தூக்கத்துல இன்னொருத்திக்குப் போயிடும்?"

"நீங்க ஒருத்தர் இருக்கிற இடத்துல ஆயிரம் பேர் இருப்பாங்க. அப்படி யோசிச்சுப் பாருங்க" என்றார். ஆளைக் கவிழ்க்கத் தெரிந்தவர். கவிழ்ந்தேன்.

அவர் சொன்ன இன்னும் இரண்டு விஷயங்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓர் உடம்பில் ஒரு பதியம்தான் வேர் பிடிக்கும். இரண்டாவதை வைத்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும். ஆகவே ஆயுளுக்கு ஒரே தடவை. அப்புறம், உடம்பில் ஏற்கெனவே ஊறிப்போன பழக்கத்தைப் பதியம் அழிக்காது. அதன் பக்கத்தில் இதுவும் வளரும். அன்றைக்கு இந்த இரண்டையும் நான் காதில் சரியாக வாங்கவில்லை. என்னை மாதிரி ஆயிரம் பேர் என்ற கணக்கிலேயே இருந்தேன்.

ஒன்பது நாள் பதிவு நடந்தது. தலைக்கு ஒரு குல்லாய், உடம்பெல்லாம் ஒட்டுப்பட்டைகள். ஓர் அறைக்குள் விடுவார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒருவன் பாய்வான், இருட்டில் ஒருவன் முடியைப் பிடிப்பான், ஒருவன் கத்தியை நீட்டுவான். நான் அத்தனை பேரையும் மடக்கிப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒருநாள் நிரோஷாவுக்கு வார விடுமுறை. "அக்கா, நானும் வேடிக்கை பாக்க வரட்டா?" என்று கூடவே தொற்றிக்கொண்டாள். அன்றைக்கு ரிஸ்வானா, "பயிற்சியே இல்லாதவங்களும் கொஞ்சப் பேர் வேணும், ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு" என்றார். "இதோ, எங்க வீட்டுலயே ஒருத்தி இருக்காளே" என்று நிரோஷாவைக் காட்டினேன். சிரித்துக்கொண்டேதான் காட்டினேன். அவளும் சிரித்துக்கொண்டே குல்லாயைப் போட்டுக்கொண்டாள். மத்தியானம் அங்கே கொடுத்த சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அடுத்த இரண்டு விடுமுறைக்கும் போய் உட்கார்ந்தாள். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

எனக்குக் கொடுத்த எண் நான்கு. தாய்ச்செடிகளின் பெயரை வெளியில் சொல்வதில்லை, எண் மட்டும்தான். நான்காம் பதியம் பிய்த்துக்கொண்டு போனது. காய்கறிச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருத்தி என்னைப் போலவே முகவாயைத் தூக்கிக்கொண்டு, தோளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நடந்து போவாள். எனக்குப் பெருமை தாங்காது. கைவீச்சு, நிற்கும் தோரணை என்று தாய்ச்செடியின் சில்லறைப் பழக்கங்களும் கூடவே வந்துவிடும் என்று ரிஸ்வானா சொல்லியிருந்தார். சீக்கிரமே கல்யாண விளம்பரங்களில் படிப்பு, உயரம், பதிய எண் என்று போட ஆரம்பித்தார்கள். பெண்கள் விடுதியில் சேரப் படிவம் நிரப்பினால் அதிலும் அந்தக் கட்டம் வந்துவிட்டது.

இதழினிக்கு நாக்பூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. முன்பின் தெரியாத ஊர், தெரியாத பாஷை. போவதற்குள் பதியம் போட்டாக வேண்டும்.

"நாலுதானேம்மா?" என்றாள்.

"பின்ன?" என்றேன். என் கூடத்தில் நிற்காத பெண்ணுக்குள் நானே போய் நின்றுகொள்ளப் போகிறேன். மனதுக்குள் பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அந்த வாரமே ரிஸ்வானா கூப்பிட்டார். "நேர்ல வர முடியுமா மேடம்? நாலை நிறுத்திவைக்கிறோம்."

போனேன். அவர் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினார். ஒரு வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடம், பட்டப்பகல். முப்பது வயதுப் பெண் ஒருத்தி. பெயர் ஹேமப்ரியா, நான்காம் பதியம் போட்டவள். ஒருவன் குறுக்கே வந்து கத்தியை நீட்டிக் கைப்பையைக் கேட்கிறான். அவள் இடது கையால் அவன் மணிக்கட்டைத் தட்டி, வலது கையால் முறுக்கி, கத்தியைப் பிடுங்கிவிட்டாள். அரை நொடி. அவள் கையில் என் கையைப் பார்த்தேன். நானே செய்திருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

"பிரமாதம்" என்றேன்.

"மேல பாருங்க."

ஹேமப்ரியா கத்தியை விரல்களுக்குள் ஒரு திருப்புத் திருப்பி, பிடியை அவன் பக்கமாக நீட்டி, அவனிடமே மரியாதையாகக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஓரடி பின்னால் போய்க் குதிகாலைச் சேர்த்துத் தலையைச் சாய்த்துத் தயார் நிலையில் நின்றாள். அவனுக்கே ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்துகொண்டான்.

அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

"உயிருக்கு ஒண்ணும் இல்ல" என்றார் ரிஸ்வானா. "வலது கைதான். மூணு விரல் மடங்க மாட்டேங்குது."

கூடத்தில் கத்திப் பயிற்சி எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். எதிரே நிற்கும் மாணவி ரப்பர் கத்தியை நீட்டுவாள். நான் பிடுங்குவேன். அவள் மறுபடியும் நீட்ட வேண்டுமே, அதனால் பிடியைத் திருப்பி அவளிடமே கொடுப்பேன். பின்னால் போய் வணங்கி நிற்பேன். மறுபடி நீட்டுவாள். ஒரு வகுப்பில் நூறு தடவை. பதினெட்டு வருடம்.

"நீங்க முன்னாடியே பாத்திருக்கணும்" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"பாத்திருக்கணும். கத்தி கைக்கு வந்ததும் சோதனை முடிஞ்சதுன்னு நிறுத்தினது நாங்கதான். அதுக்கப்புறம் உங்க கை என்ன பண்ணும்னு எங்களுக்கும் பாக்கத் தோணல. கைதட்டிட்டு எழுந்துட்டோம்." அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சரி, அப்ப எது நல்லாப் போகுது?"

"பதினேழு."

"யாரு? தஞ்சாவூர் சிலம்ப மாஸ்டரா? போலீஸ் பயிற்சி மையத்து ஆளா?"

"பேர் சொல்லக் கூடாது மேடம். ஆனா கணக்கு சொல்றேன். பதினேழு போட்டதுல அறுபத்தோரு பேர் ஆபத்துல மாட்டியிருக்காங்க. அடி வாங்கினவங்க ரெண்டே பேர். அடிச்சவங்க ஒருத்தர்கூட இல்ல."

"அடிக்கவே தெரியாதது எப்படித் தற்காப்பு ஆகும்?"

"அறுபத்தோரு பேரும் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டாங்களே மேடம்."

இங்கே ஹேமப்ரியாவின் விரல் மடங்கவில்லை. எனக்கோ பதினேழு யார் என்பதுதான் பெரிதாக இருந்தது. பொறாமைக்கு வெட்கம் கிடையாது. ஒரே ஒரு காணொளியாவது காட்டும்படி அடம்பிடித்தேன். காட்டினார்.

கடைத்தெருவில் சாயங்கால வேளை. கல்லூரி ஆசிரியை ஒருத்தி நடந்து போகிறாள். எதிரே இரண்டு பேர் அவளை நோக்கிப் பிரிந்து வருகிறார்கள். அவர்கள் நெருங்கும் முன்பே அவள் ஒரு மூடிய கடையின் இரும்புக் கதவில் முதுகைக் கொடுத்துப் பக்கவாட்டில் திரும்பிவிட்டாள். ஒரு கை மார்பளவில், உள்ளங்கை வெளியே தெரிய. பிறகு வாயைத் திறந்தாள். 'காப்பாத்துங்க' என்று கத்தவில்லை. "தம்பி, நீ அங்கயே நில்லு. அண்ணே, நீலச் சட்டை, இப்படி வாங்க. அம்மா, அந்தக் கடைக்காரரைக் கூப்பிடுங்க" என்று தெருவுக்கே உத்தரவு போட்டாள். நீலச் சட்டைக்காரர் என்ன ஏது என்று தெரியாமலே அவள் பக்கம் வந்து நின்றார். இரண்டு பேரும் வேறு வழி பார்த்துப் போனார்கள்.

"பேசின வார்த்தை அவங்களோடது" என்றார் ரிஸ்வானா. "குரலும், யாரைப் பாத்துப் பேசணும்கறதும் தாய்ச்செடியோடது."

என் கண் திரையிலேயே இருந்தது. அந்த ஆசிரியை கிளம்பிப் போகுமுன், தன்னையறியாமல், விரலை மடக்கி அந்த இரும்புக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள். டங், டங்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. நேரே மொட்டை மாடிக்குப் போனேன். நிரோஷா யூனிஃபார்மை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினேழு நீதானா?"

வாயில் வைத்திருந்த கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டினாள். "ஆமாக்கா."

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு மாசமாச்சு. டாக்டரம்மா கூப்பிட்டு இன்னும் நாலு நாள் வந்து உக்காரச் சொன்னாங்க. ஒப்பிடறதுக்கு எடுத்த என்னுதையும் வச்சுப் பாத்தாங்களாம், நல்லாப் போகுதுன்னு அப்பத்தான் சொன்னாங்க."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சுக்கா. நீங்க சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்."

என்மேல் இரக்கம் காட்டியிருக்கிறாள்! அவள் பீற்றிக்கொண்டிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன்.

"உனக்கு என்ன தெரியும்னு உன்னுதைப் போய் எடுத்தாங்க?" என்றேன். கேட்ட தொனி எனக்கே நாராசமாக இருந்தது.

அவள் கோபப்படவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "எனக்கும் அதான் புரியலக்கா. நான் யாரையும் அடிச்சதே இல்ல. ஒருத்தன் ஏறும்போதே கையைப் பாப்பேன். வண்டி ஆடுறப்ப எல்லாரும் கம்பியைத்தான் புடிப்பாங்க. ஒருத்தன் புடிக்காம நின்னான்னா, அந்தக் கைக்கு வேற வேலை இருக்குன்னு அர்த்தம். நேராப் போயி அவனுக்கும் பொம்பளப் புள்ளைங்களுக்கும் நடுவுல நின்னுக்குவேன். உள்ள போங்க, முன்னாடி போங்கன்னு சத்தம் போட்டு நாலு பேரை இந்தப் பக்கம் நகத்துவேன். அடுத்த ஸ்டாப்புல படிக்கட்டு அவனுக்குக் காலியா இருக்கும். முக்காவாசிப் பேரு எறங்கிருவான்."

"எறங்கலன்னா?"

"புள்ளைங்களை எறக்கிவிட்ருவேன். யாராவது ஒரு ஆளு எறங்கணும்க்கா, அவ்வளவுதான்."

எதிரியை விழவைப்பதைத்தான் நான் பதினெட்டு வருடமாகச் சொல்லிக் கொடுத்தேன். இறங்கிப் போவதைப் பற்றி என் கூடத்தில் ஒரு பாடமும் இல்லை.

"இதழுக்கு எந்த நம்பர்க்கா போடப் போறீங்க?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். என் காதில் அது 'உன் பெண்ணைக் கொடு' என்று விழுந்தது.

"ஏதோ ஒண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அன்று மாலை இதழினி கேட்டாள். "நாலை நிறுத்திட்டாங்களாமே. அப்ப எதும்மா?"

"ஒன்பது" என்றேன்.

ஒன்பதாம் பதியத்தின் தாய்ச்செடி ஒரு முன்னாள் அதிரடிப் படைக்காரர் என்று பேச்சு. அடி இடி மாதிரி விழும். ஆனால் ரிஸ்வானா எனக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஒன்பது போட்டவர்களில் நான்கு பேர் போலீஸ் ஸ்டேஷனில். ஒரு கல்யாண வீட்டில், 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க' என்று பின்னாலிருந்து தோளைத் தொட்ட புகைப்படக்காரரின் மணிக்கட்டை ஒருத்தி உடைத்துவிட்டாள். அத்தனையும் தெரிந்துதான் சொன்னேன்.

"பதினேழுதான் நல்லாருக்குன்னு ஹாஸ்டல் குரூப்ல சொல்றாங்களே?"

"அது ஓடிப் போறவங்களுக்கு. உனக்கு ஒன்பதுதான் சரி."

"சரிம்மா. இதுல உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுத் தலைவாரப் போய்விட்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாக என் தொழிலில் என்னை நம்பினாள். பொய் சொன்ன நாளாகப் பார்த்து நம்பினாள்.

அடுத்த நாள் காலை நிலையத்துக்குப் போனோம். எண் ஒன்பது என்று எழுதிய படிவம் என் கையில் இருந்தது. இதழினியை ரத்தப் பரிசோதனைக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வெளியே காத்திருந்தேன். என் குடை சரிந்து நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. பக்கத்தில் இருந்த பெண் குனிந்து எடுத்தாள்.

எடுத்தவள் குடையை விரல்களுக்குள் திருப்பப் பார்த்தாள். மூன்று விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் தாங்கிக்கொண்டு, மெனக்கெட்டுத் திருப்பி, பிடியை என் பக்கமாக நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டதும் ஓரடி பின்னால் போய்க் குதிகாலைச் சேர்த்துத் தலையைச் சாய்த்தாள். அதன்பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது.

"ஸாரிங்க" என்று சிரித்தாள். "எதைக் குடுத்தாலும் இப்படித்தான் ஆகுது. வீட்ல கரண்டி கேட்டாக்கூட இப்படித்தான் குடுக்கறேன். நாலாம் நம்பர் போட்டது."

ஹேமப்ரியா. நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முகவாய், தோள், எல்லாம் நான்.

"வலிக்குதா?" என்றேன்.

"இப்ப பரவால்ல. வாரம் ரெண்டு நாள் கைக்குப் பயிற்சி குடுக்கறாங்க." உட்கார்ந்தாள். "அந்த நாலாம் நம்பர் யாருன்னு சொல்லவே மாட்டேங்கறாங்க. ஒரு தடவை பாக்கணும்."

"திட்டவா?"

"சே, இல்லைங்க. அவன் கையிலேருந்து கத்தியைப் புடுங்கினேன் பாருங்க, அது எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா? என் ஜென்மத்துல நான் எதையும் அவ்வளவு அழகாச் செஞ்சதில்ல. அதுக்கு நன்றி சொல்லணும். அப்புறம், ஏன் திருப்பிக் குடுத்தேன்னு கேக்கணும்."

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று தங்கம் வாங்கியவள் ஒரு குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

இதழினி பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தபோது நான் படிவத்தில் ஒன்பதை அடித்துவிட்டுப் பதினேழு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, மாத்திட்ட?"

"நான் சொன்னது தப்புடி. தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னேன். பதினேழு யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன், அதனாலதான் வேண்டாம்னேன்."

"யாரு?"

"உங்க சித்தி."

"சித்தியா?" என்றாள். நான் சொன்ன பொய்யை அவள் காதிலேயே வாங்கவில்லை. அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். பத்து மாதம் சுமந்தவள் நான். தாய்ச்செடி என்ற கட்டத்தில் நிரோஷாவின் எண்ணை என் கையாலேயே எழுதிக் கையெழுத்தையும் போட்டேன்.

பதினோரு தூக்கமும் முடிந்தது. பதியம் நன்றாகப் பிடித்துவிட்டது என்றார் ரிஸ்வானா. எனக்கு அவர் சொல்லியா தெரிய வேண்டும்? இதழினி கதவருகே நின்றால் ஒரு தோளை நிலையில் சாய்த்துக்கொள்கிறாள். தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்களின் கைகளைப் பார்க்கிறாள். விருந்தாளிகள் வந்தால் "நீங்க இப்படி வாங்க, நீங்க அங்க உக்காருங்க" என்று ஆளுக்கொரு இடம் ஒதுக்குகிறாள். வீட்டுக்காரர்கூட, "என்ன குழலி, நிரோஷா ரெண்டா ஆயிட்டா?" என்று சிரித்தார். அவரை நான் பார்த்த பார்வையில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஊருக்குப் போக நான்கு நாள் இருந்தது. சமையலறையில் இதழினி மேடையருகே நின்று முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் புளியைக் கரைத்துவிட்டு, "அந்தக் கத்தியைக் குடு, தக்காளியை நான் பாத்துக்கறேன்" என்று கையை நீட்டினேன்.

அவள் கத்தியை விரல்களுக்குள் ஒரு திருப்புத் திருப்பி, பிடியை என் பக்கமாக நீட்டினாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பதினேழிலிருந்து வந்தது இல்லை இது. மாடியில் இருக்கிறவள் கத்தியை யார் கையிலும் கொடுக்கமாட்டாள், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிற ஆள்.

"இப்படிக் குடுக்க யாருடி சொல்லிக் குடுத்தா?"

"எப்படி?"

"பிடியைத் திருப்பி."

குனிந்து தன் கையைப் பார்த்தாள். "தெரியலம்மா. எப்பவும் இப்படித்தான் குடுப்பேன். சின்ன வயசுல உன் கிளாஸ்ல உக்காந்து பாப்பேன்ல, அதுல வந்திருக்கும்."

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. பதியமும் இல்லை, பட்டையும் இல்லை. ஓரமாக உட்கார்ந்து பார்த்தே என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறாள். இது என்னுடையது. நிரோஷாவால் தொட முடியாதது. மாடிக்கு ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

கத்தியை வாங்க விரலை மடக்கினேன். மடங்காத மூன்று விரல்கள் ஞாபகம் வந்தன.

ஏற்கெனவே ஊறிப்போனதைப் பதியம் அழிக்காது என்று ரிஸ்வானா சொன்னதும் அப்போதுதான் காதில் ஏறியது. தெரியாத ஊரில், தெரியாத ஒருவன் முன்னால், நிரோஷாவின் குரலும் காலும் அவளைக் காப்பாற்றிக் கொண்டுபோகும். கத்தி ஒன்று அவள் கைக்கு வந்துவிட்டால், கடைசி அரை நொடியில் என் கை அவளைக் காட்டிக்கொடுக்கும்.

"மேடையில வை" என்றேன்.

"இதோ உன் கையிலயே—"

"என் கையில வேண்டாம். யார் கையிலயும் குடுக்காதே. தள்ளி வை. வச்சிட்டுக் கதவுப் பக்கம் போ."

வைத்தாள். மறுபடி எடுக்கச் சொன்னேன். கையை நீட்டினேன். பிடியைத் திருப்பினாள். "மேடையில வை." மறுபடி. கெஞ்சுகிற மாதிரி நீட்டினேன், கொடுத்துவிட்டாள். மறுபடி. "என்னம்மா, லூசா நீ?" என்று சிரித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விட்டாள். அன்று முப்பது தடவை. அடுத்த நாள் ஐம்பது. என் கூடத்தில் ஒருநாளும் நிற்காதவள் சமையலறையில் வேர்க்க வேர்க்க நின்றாள். அதுவும் என்னிடமிருந்து வந்த ஒன்றை மறப்பதற்கு.

ரயிலுக்குப் போகிற அன்று காலை அவளை மறுபடி முருங்கைக்காய் நறுக்கச் சொன்னேன். வேறு பேச்சுப் பேசிக்கொண்டே பின்னால் போய், சட்டென்று கையை நீட்டி, "கத்தி" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தி மேடையின் அந்தக் கோடிக்குப் போனது. அவள் கதவருகே, பக்கவாட்டில், ஒரு கை மார்பளவில் நின்றாள். இன்னொரு கை பாத்திர அலமாரியின் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டியது. டங், டங்.

"என்னடி இதழு, கூப்பிட்டியா?" என்று மாடியிலிருந்து நிரோஷா குரல் கொடுத்தாள்.

"இல்ல சித்தி!" என்று கத்திவிட்டு, "சரியாப் பண்ணினேனாம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"சரியாப் பண்ணின" என்றேன். மேடையின் கோடியில் இருந்த கத்தியை எடுத்து மிச்ச முருங்கைக்காயை நறுக்க ஆரம்பித்தேன்.